படத்தில் இல்லாத காப்பு

மகனே, இந்தக் கடிதத்தை உன்னால் மெதுவாகத்தான் படிக்க முடியும். எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, உதட்டை அசைத்து, சின்ன வயதில் என் எதிரே உட்கார்ந்து படித்ததைப் போலத்தான் படிப்பாய். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் பாரிஸ் மெட்ரோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே படித்து முடித்து, சட்டைப் பையில் மடித்து வைத்துவிடுவாய். இதைக் கோயில் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுத்திருக்கிறேன். மலரின் தமிழ்ப் பக்கங்களைக் குருக்களும் என்னைப் போல் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த சில ஆசிரியர்களும் தவிர யாரும் படிப்பதில்லை. மற்றவர்கள் விளம்பரங்களையும் தங்கள் பிள்ளைகளின் படங்களையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதனால் குருக்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். தைப்பூசக் காவடிக்குக் கொடியேற்றும் அன்று, காப்புக் கட்டிக்கொள்ள வரிசையில் நிற்பவர்களுக்கு இதில் உள்ளதை இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிவிட வேண்டும் என்று. சரி என்றிருக்கிறார். உனக்கு ஒரு பிரதி முன்னதாகவே தபாலில் வருகிறது. கொடியேற்றத்துக்குள் நீ இங்கே வந்து செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும்.

எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் எனக்குப் பழகிய விஷயம். முதுகலைப் பட்டத்தோடு இங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த என்னை ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு வரியில் அனுப்பிய அதிகாரிமேல் இன்றும் எனக்குக் கோபம்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு ரோஸ் ஹில்லில் ஸ்டூடியோ போட்டபோது, வாத்தியாருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொன்ன உன் மாமா இறந்து இத்தனை வருஷமாகியும் அவர்மேல் எனக்கு மனம் ஆறவில்லை. கோபத்தோடு மனிதன் சாப்பிடலாம், தூங்கலாம், நன்றாக வேலைகூடச் செய்யலாம். உன்னிடம் எனக்கு இருப்பது அருவருப்பு. நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் மேஜையைத் துடைக்கக்கூடக் கை போகவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி அச்சில் எழுதலாமா என்று சங்கத்துச் செயலாளர் கேட்டார். பெயரைப் போடவில்லையே என்றேன். பெயர் போடாவிட்டால் தெரியாதா என்றார். தெரியட்டும் என்றேன்.

நீ பிறந்து வளர்ந்தபோது இந்தத் தீவில் எங்கு பார்த்தாலும் பின்னலாடைத் தொழிற்சாலைதான். கரும்பு வெட்டிய வீட்டுப் பெண்கள் எல்லாரும் விடிவதற்குள் பஸ் ஏறித் தையல் மெஷினுக்குப் போனார்கள். பிரான்ஸில் குளிர்காலத்துக்கு விற்கிற கம்பளி ஸ்வெட்டருக்குக் கேட்டலாக் படம் எடுக்கிற வேலை எங்களுக்கு வந்தது. படம் எடுக்க வேண்டியது இங்கே ஜனவரியில், பிப்ரவரியில். இங்கே அப்போது கோடை, சட்டை போட்டாலே உடம்பு நனைகிற காலம். அதனால் க்யூர்பிப் மேட்டில் மூடுபனி கலைவதற்கு முன்பே எடுத்து முடிக்க வேண்டும். நான் ஷட்டரை அழுத்தியவன், அவ்வளவுதான். படத்தை உண்டாக்கியது உன் அம்மா. முதல் நாளே பெண்களுக்குச் சொல்லி அனுப்புவாள்: நாளைக்கு வாட்ச் கட்டாதே, இறுக்கமான எலாஸ்டிக் எதுவும் போடாதே, சாக்ஸ் வேண்டாம், வளையல் வேண்டாம். ஏனென்றால் தோலில் எது அழுந்தினாலும் வரி விழும், அந்த வரி மறைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், ஃபிலிமுக்கு அது தழும்பு மாதிரித் தெரியும். மறந்து கட்டி வந்தவளைப் பாயில் உட்காரவைத்து, சுடுதண்ணீரில் நனைத்த துண்டால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். வியர்க்காமல் இருக்கப் பிடரியிலும் மணிக்கட்டிலும் ஐஸ் வைப்பாள். ஸ்வெட்டர் தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் துணி மாட்டுகிற கிளிப்பைப் போட்டு இழுத்துப் பிடிப்பாள். பின்னாலிருந்து பார்த்தால் அந்தப் பெண் துணி காயப்போட்ட கொடி மாதிரி இருப்பாள். “இன்னும் கொஞ்சம் குளிர்ற மாதிரி சிரி, மாஃபீ, என் மகளே. பிரான்ஸ்ல பனி கொட்டுது” என்று அவள் சொன்னதும், வெந்துகொண்டிருக்கிற அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைத்தான் நான் எடுப்பேன். ஒருத்தி ஒருமுறை மயங்கி விழுந்தாள். அதையும் மறைக்கவில்லை. சுகமான வேலை இல்லை அது.

அதே மாதத்தில்தான் இங்கே காவடி. தொழிற்சாலையில் எங்களுக்குக் கிடைத்த அழகான பெண்களில் பாதிப்பேர் நம் ஆட்கள். கொடியேறியதும் குருக்கள் மஞ்சள் கயிற்றை இடது மணிக்கட்டில் கட்டிவிட்டால், காவடி முடிந்து அவரே அவிழ்க்கும் வரை அதை யாரும் தொடக் கூடாது. உன் அம்மா கோயில் நாட்களைக் கேட்டுவிட்டுத்தான் எனக்குத் தேதி கொடுப்பாள். தவறிப்போனால் நீளக் கை ஸ்வெட்டருக்கு அந்தப் பெண்ணை நிறுத்துவாள். ஒரு வருஷம் அதுவும் முடியவில்லை. முக்கால் கை வைத்த கார்டிகன், அதே பெண்தான் வேண்டும், கையில் காப்பு. வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்திருந்த பிரெஞ்சுக்காரி, அந்த நூலை வெட்டுங்கள் என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். உன் அம்மா அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள். நன்றி சொல்வது போலத்தான் வாங்கினாள். பக்கத்தில் கிடந்த மிச்சத் துணியில் ஒரு துண்டு வெட்டி, கார்டிகனுக்கு இடது பக்கம் ஒரு பாக்கெட் தைத்தாள். பெண் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு நின்றாள். எடுத்தேன். சில வாரங்களில் டெலக்ஸ் வந்தது: பாக்கெட் நன்றாக இருக்கிறது, எல்லாக் கார்டிகனுக்கும் வைத்துத் தையுங்கள். பாக்கெட் யோசனை தன்னுடையது என்று தொழிற்சாலை டைரக்டரின் அண்ணன் மகன் சொல்லிக்கொண்டான், பெரிய நாற்காலிக்கும் போய்விட்டான். இப்போதும் என்னைப் பார்த்தால் தோளில் தட்டுகிறான். அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் நீ கவனிக்க வேண்டியது அவனை அல்ல. உன் அம்மா இருந்தவரை எங்கள் கேமரா முன்னால் ஒரு காப்பும் அவிழவில்லை என்பதைத்தான்.

இதை நான் ட்ரியோலே ஊரில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன், நீ பக்கத்தில் இருந்தாய். அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை இங்கே மாற்றி எழுதுகிறேன், வசந்தி என்று வைத்துக்கொள். பயண அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். இங்கே பீனிக்ஸ் ஊரில் நீ வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குக் கிழக்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் விளம்பரப் புத்தகம் வந்தது, அதற்கு அவள்தான் சரி என்றாய். ஆனால் அவள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அதற்காக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டி விரதம் இருந்தாள். அவள் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். நான் ஆசிரியராக இருந்த பழக்கத்தில் என்னை இன்றும் மிஸ்யே என்றுதான் கூப்பிடுவார். காப்பில் கை படாமல் இருந்தால் மட்டும் அனுப்புகிறேன் என்றார். நான் அந்தப் பாக்கெட் கதையைச் சொல்லி, இது எங்கள் வீட்டு வேலை முறை, நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்ததும் உன்னிடம் யோசனை சொன்னேன். காவடி முடியட்டும், பொறுத்து எடு. முடியாவிட்டால் கையில் தொப்பியைக் கொடு, பூக்கூடையைக் கொடு, தோளில் ஒரு துணியைப் போட்டுக் கீழே விடு. நீ காரைக் கிளப்பிக்கொண்டே சொன்னாய்: “பா த்ரக்கா, பப்பா. அப்ரே அராஞ்சே.” கவலைப்படாதே, அப்புறம் சரி செய்துகொள்ளலாம். அந்த ‘அப்ரே’யை அன்றே நான் பிடித்திருக்க வேண்டும். பல் தேய்ப்பதிலிருந்து பரீட்சை வரைக்கும் உனக்கு எல்லாமே அப்ரேதான். செல்லமாக எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் புத்தகம் அச்சாகி வந்தது. ஓட்டல் வாசல், கையில்லாத உடை, இடது கையில் உயரமான கண்ணாடித் தம்ளர், வசந்தி சிரிக்கிறாள். மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது. அதற்குள் அவள் அம்மாவுக்கு அறுவை செய்த கண்ணில் பார்வை போய்விட்டிருந்தது. சர்க்கரை நோய் முற்றியவர், இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் படம் வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் சொன்னதை யார் நினைப்பார்கள்? அவள் அப்பா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வராந்தாவில் அந்த அம்மாள் கண்ணில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தார். வசந்தி தூணோரம் நின்றாள். மிஸ்யேக்குப் படம் தெரியும், மிஸ்யே சொல்லட்டும் என்று புத்தகத்தை என் மடியில் வைத்தார். நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். படத்தை இடம் வலம் மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்றுகூடப் பார்த்தேன். இடது கன்னத்து மச்சம் இடது பக்கமே இருந்தது, மாறவில்லை. மணிக்கட்டை ஊன்றிப் பார்த்தேன். கயிறு இல்லை. கயிறு அழுந்திய வரி இல்லை. மஞ்சள் ஒட்டிய நிறமும் இல்லை. அப்போது உன் அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் முழுவதும் என் வாயிலிருந்து வந்தது. படம் எடுக்கிற நேரத்தில் கழற்றியிருந்தால் வரி தெரிந்திருக்கும், ஒரு மணி நேரத்துக்கும் முன்னால் கழற்றித் துடைத்துத் தேய்த்திருக்க வேண்டும், ஓட்டலுக்குப் போகிற வழியில் கார் சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரைத் தாண்டும்போதே கையில் இருந்திருக்காது. இவ்வளவையும் சொன்னேன். யாரும் கேட்காத ஃப்ளாக்கையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர்கள் பேசியது கிரியோல். நான் தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். வசந்தி என்னைப் பார்த்து, “நான் கழட்டல, தோந்தோன்” என்றாள். அவளுக்கு நான் மாமா முறை, அதனால் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்படியானால் படத்தில் ஏன் இல்லை என்று அப்பா கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்து, தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி ஒன்றைச் சொன்னாள்: “காப்பு தெரியுமேன்னு கேட்டேன். அப்ரே அராஞ்சே பண்ணிடறேன்னு உங்க மகன் சொன்னாரு.” அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. அராஞ்சே என்றால் சரி செய்வது. கலைந்த முடியை அராஞ்சே பண்ணலாம், உடைந்த கதவைப் பண்ணலாம், அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டுவதும் அராஞ்சேதான். வராந்தாவில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது அப்படித்தான் கேட்டது. இப்போது கழற்று, அப்புறம் கட்டிவிடலாம். எனக்கும் அப்படித்தான் கேட்டது. அந்த அம்மாள் மட்டும் தன் நல்ல கண்ணாலேயே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அந்தக் கையில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. வருகிற தையில் இவளுக்குக் காப்புக் கட்டக் கூடாது என்று அவள் அப்பா குருக்களிடம் சொல்லிவிட்டார். அம்மாவின் கண்ணை விழுங்கியவள் என்று சொந்தக்காரி ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் உனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் வாக்கைக் கெடுத்துவிட்டாள், என் தலை குனிந்தது என்றேன். நீ “ஆ, போன்?” என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாய். எனக்கு அந்த “அப்படியா” இன்னும் காதில் இருக்கிறது. அப்போதே உனக்கு எல்லாம் தெரியும், ரசத்தில் உப்புக் குறைவு என்றுதான் அடுத்ததாகச் சொன்னாய். பிறகு பாரிஸ் வேலை வந்தது. நேர்முகத்தில் காட்டிய வேலைகளை எனக்கும் காட்டுகிறேன் என்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாய். இரண்டிரண்டு படங்களாக, முன்னால் இருந்தது, பின்னால் ஆனது. கடலில் பாசி இருந்தது, போயிற்று. மீன்காரர்களின் படகு இருந்தது, போயிற்று. ஒரு வெள்ளைக்காரியின் வயிற்று மடிப்பு போயிற்று, அவளுக்கு இல்லாத இடுப்பு வந்தது. அடுத்தது வசந்தி. ஓட்டல் வாசல், தம்ளர், சிரிப்பு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நீ பட்டனைத் தட்டினாய், கயிறு இல்லை. மறுபடி தட்டினாய், இருந்தது. தட்டிக்கொண்டே இருந்தாய். கயிற்றை எடுப்பது சுலபம், பப்பா, கீழே இருந்த வரியை எடுத்ததுதான் வேலை, முழங்கைப் பக்கத்துத் தோலைக் கொண்டுவந்து அங்கே வளர்த்தேன் என்றாய். இதைப் பார்த்துத்தானே நான் அங்கே சாட்சி சொன்னேன் என்றேன். நீ நாற்காலியைத் திருப்பிச் சிரித்தாய். “லென்ஸ் வச்சுப் பாத்தும் உனக்கே தெரியலயா? எனக்குக் கெடச்ச பெரிய பாராட்டு அதுதான், பப்பா.”

நானும் விட்டுவிடவில்லை, இது பொய் என்றேன், உனக்கு நினைவிருக்கும். நீயும் அம்மாவும் மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்டாய். கிளிப் போட்டு இழுத்தது பொய் இல்லையா, ஐஸ் வைத்தது பொய் இல்லையா, இல்லாத பாக்கெட்டைத் தைத்தது பொய் இல்லையா. என் வாயை அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். நீ விமானம் ஏறிப் போன பிறகு, பல நாள் யோசித்துப் பதில் கிடைத்திருக்கிறது, கேள். கிளிப் முதுகில் குத்தியபோது அந்தப் பெண் அங்கே இருந்தாள். ஐஸ் பட்டபோது கூசினாள், திட்டினாள், சிரித்தாள். பாக்கெட் தைத்தபோது கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆழமாக வேண்டும் என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் அவள் உடம்பில் நாங்கள் எதுவும் செய்யவில்லை. பிடிக்காவிட்டால் அவள் எழுந்து போயிருக்கலாம், போனவர்களும் உண்டு. நீ என்ன செய்தாய்? அவள் வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, விளக்கேற்றி, அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பீனிக்ஸில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் கையைத் திறந்தாய். அவள் வேண்டுதலை உரித்தாய். அவள் முழங்கைத் தோலை அவளுக்கே ஒட்டினாய். நாளைக்கு அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் செய்தாய் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆன பிறகும் தெரிந்துதானே சிரித்தாய்? உன் அம்மா கத்தரிக்கோலைப் பிரெஞ்சுக்காரியின் கையிலிருந்து வாங்கினாள். நீ யாரும் கேட்காமலே கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் போட்டிருக்கிறாய்.

ட்ரியோலேக்குப் போய் அவர்களிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறு என்றேன். அப்ரே என்றாய். அங்கே போய் ஒரு நிலைக்கு வந்ததும் போன் பண்ணுகிறேன் என்றாய். இன்றுவரை பண்ணவில்லை, எனக்குத் தெரியும், விசாரித்துவிட்டேன். அதனால் நீ அலமாரியில் விட்டுப்போன பெட்டியைத் திறந்து, அந்தப் படத்தின் ஸ்லைடை எடுத்துக்கொண்டு நானே போனேன். கேமராவுக்குள் இருந்த ஃபிலிம்தான் அது, அதில் கம்ப்யூட்டர் நுழைய முடியாது. மூலைக் கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டேன், சமாதானத்துக்குப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாதென்று. அவள் அப்பா ஸ்லைடை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நான் லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். கயிறு தெரிகிறது என்று ஒத்துக்கொண்டார். என் மகன் கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டான், உங்கள் பெண் கழற்றவே இல்லை என்று நான் விளக்கினேன். அவர் ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்தார். “அழிக்கத் தெரிஞ்ச மெஷினுக்கு வரையத் தெரியாதா, மிஸ்யே?” என்றார். இது மெஷினுக்குப் போகாத ஃபிலிம், இதில் யாரும் வரைய முடியாது, இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், நான் சொல்கிறேன் என்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னைக்கும் நீங்கதானே சொன்னீங்க” என்றார். பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

என் படம் செத்த இடம் அதுதான். நீ ஒரு கயிற்றை மட்டும் அழிக்கவில்லை. கயிறு இருக்கிற படத்தையும் யாரும் நம்ப முடியாமல் செய்துவிட்டாய். என் லென்ஸ், என் அனுபவம், உன் அம்மா அத்தனை கைகளைச் சுடுதண்ணீரில் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்துவைத்த பெயர் எல்லாவற்றையும் வைத்துப் பேசினேன். அந்த வராந்தாவில் செல்லுபடியாகவில்லை. ஒருமுறை அவற்றை வைத்துத் தப்பாகச் சாட்சி சொல்லிவிட்டேன், மறுமுறை யார் கேட்பார்கள்?

திரும்பும்போது வசந்தி கேட் வரை வந்தாள். ஸ்லைடைக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம், எனக்குத் தெரியாததா என்றாள். மெலிந்திருந்தாள். கேட்டுக் கம்பியில் இருந்த இடது கையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். “உங்க மகன் பாத்தாருதானே, தோந்தோன்? என் கையில காப்பு இருந்ததை?” என்று கேட்டாள். பார்த்தான், அம்மா, உன்னையும் கடவுளையும் தவிர அதை ஊன்றிப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்றேன். “அப்ப படம் எதுக்கு?” என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால் நீ வர வேண்டும். போன் வேண்டாம். குரலையும் நீங்கள் ஏதாவது செய்துவிடுவீர்கள் என்று வசந்தியின் அப்பா சொன்னாலும் சொல்வார். நீ அந்த வராந்தாவில் ஏறி, பஞ்சு வைத்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளுக்கு முன்னால் நின்று, கயிறு இருந்தது, நான்தான் எடுத்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒன்று மட்டும் உனக்கு நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன்: எல்லாவற்றையும் முன்னாலேயே செய்துகொண்டு வா. சட்டைக்கு முதல் நாளே இஸ்திரி போட்டுக்கொள். சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகிக்கொள், தமிழிலோ கிரியோலிலோ, அராஞ்சே என்ற சொல் மட்டும் வராமல். அவர்கள் திட்டினால் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று பார்த்துக்கொள். அந்த வாசலில் ஒருமுறை சொன்னதை அப்புறம் திருத்த முடியாது.

கொடியேறும் அன்று குருக்கள் மஞ்சள் கயிறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் வருவார். நான் ஓரமாக நிற்பேன், கேமரா இல்லாமல். அந்த வரிசையில் வசந்தி கை நீட்டுவாளா மாட்டாளா என்பது உன் வாயில் இருக்கிறது.

உன் அப்பா